பனியில் ஒரு பச்சைக் கோடு

போதகர் சபையில் அறிவிக்கும்வரை கல்யாணத்தைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்பது அமெரிக்காவின் லான்காஸ்டர் பக்கத்தில் பழைய முறைப்படி வாழும் ஆமிஷ் கிறிஸ்தவக் குடும்பங்களின் வழக்கம். ஆனால் கல்யாண விருந்துக்குக் கூடை கூடையாகச் செலரிக் கீரைத் தண்டு வேண்டும். தோட்டத்தில் செலரி அளவுக்கு மீறி நின்றால் அந்த வீட்டில் கல்யாணம் என்று சாலையில் போகிறவர்களே சொல்லிவிடுவார்கள்.

அதனால்தான் கல்யாணம் நிச்சயமாகியிருந்த லவீனா செலரியை அப்பாவின் வண்டிப் பட்டறைக்குப் பின்னால், மக்காச்சோள மறைவில் நட்டாள். யோசித்து, அளந்து, இரண்டு முறை இடம் மாற்றி நட்டாள். அந்த மண்ணுக்கடியில் அப்பாவின் குழாய் ஓடுவதை மட்டும் யோசிக்கவில்லை.

அப்பா ஈலம் குதிரை வண்டி செய்பவர். முற்றத்துக் கோடியில் தகரக் கொட்டகை போட்டு நிலக்கரி பாய்லர் வைத்திருந்தார். அதிலிருந்து வெந்நீர் ஒரு குழாயில் வீட்டுக்கும் இன்னொன்றில் பட்டறைக்கும் போய்ச் சூடேற்றும். குழாயை ஆழமாகப் புதைத்திருக்க வேண்டும். முழங்கால் ஆழத்தில் கல் தட்டியதும், இது போதும் என்று மூடிவிட்டார்.

அந்த அக்டோபரில் பனி முந்திக்கொண்டது. சோளத்தை அறுத்தாகிவிட்டது. அறிவிப்புக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீடு மாற்றி வீடு கூடும் சபையோ இந்த ஞாயிறு இவர்கள் பட்டறையில்தான். சனிக்கிழமை காலை லவீனா கதவைத் திறந்தாள். எங்கும் வெள்ளை. பாய்லரிலிருந்து பட்டறைவரை மட்டும் ஆவி பறக்க ஒரே பச்சைக் கோடு.

மண்வாரியால் பனியை அள்ளிப் போட்டாள். போடப் போட உருகியது. பாய்லரை அணைத்துவிடுங்கள் என்று அப்பாவிடம் கெஞ்சினாள்.

“அணைச்சா செலரி கருகிடும். அப்புறம் விருந்துல வெறும் தட்டைத்தான் பாத்துட்டிருக்கணும்” என்றார் அவர். பிறகு தாடியைத் தடவியபடி, பட்டறையில் இருந்த வண்டிகளை வெளியே தள்ளச் சொன்னார். இருவரும் வழுக்கி விழுந்து சிரித்துச் சிரித்து அவற்றை, செலரி சக்கரங்களுக்கு நடுவே வரும்படி, வரிசையாக நிறுத்தினார்கள்.

கடைசி வண்டியைத் தள்ளும்போது பக்கத்துப் பண்ணை ஃபேனி வந்துவிட்டாள். அவள் காதில் விழுந்த சேதி பொழுது சாய்வதற்குள் பள்ளத்தாக்கு முழுக்கச் சுற்றி வந்துவிடும். கம்பளி போர்த்திய கைவண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“என்ன அண்ணா, வண்டியெல்லாம் குளிர் காயுதா?”

ஈலமுக்குப் பொய் வராது. “நாளைக்குச் சபைக்கு இடம் வேணும்ல” என்றார். அது உண்மையாகவும் இருந்ததில் அவர் முகம் மலர்ந்துபோனது.

ஃபேனி குனிந்தாள். சக்கரங்களுக்கு நடுவே ஆவி வந்தது. ஒரு செலரித் தலை எட்டிப் பார்த்தது. லவீனா மண்வாரியோடு அதன் முன்னால் போய் நின்றாள்.

“கள்ளி, எத்தனை நாளாடி இதை மறைச்சு வெச்சிருக்க?”

ஃபேனி சாலையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கைவண்டியின் கம்பளியைத் தூக்கினாள். உள்ளே வேரோடும் மண்ணோடும் பிடுங்கிய செலரி, நுனி வாடிக் கிடந்தது.

“எங்க பொண்ணு சூசிக்கும் கல்யாணம்தான்டி. வீட்டுல வெச்சிருந்தா இந்தக் குளிருக்கு ஒண்ணும் மிஞ்சாது. உங்கப்பா குழாய் மேல கொஞ்சம் இடம் கிடைக்குமா?”

லவீனா பனியிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “இடம் இருக்கு அத்தை. ஆனா நீங்க வாயைத் திறக்கக் கூடாது.”

“ரெண்டு வாரம் முழுக்கவா?” என்றாள் ஃபேனி, நிஜமான பயத்தோடு.

ஞாயிறன்று சபையில் ஃபேனி உதட்டை இறுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பல் வலியா என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள். ஈலமோ நடுவில் எழுந்துபோய்ப் பாய்லரில் இன்னொரு வாளி நிலக்கரி போட்டுவிட்டு வந்தார்.