தாச்சி இறங்கும்வரை

"கை மாத்து, தம்பி. உன்ர பக்கம் அடிப்பிடிக்கப் பாக்குது."

கிறேஸ் துடுப்பை மகனிடமிருந்து வாங்கி அடுப்பிலிருந்த தாச்சிச் சட்டியின் அடியோடு அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றினாள். அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்து பழுப்பேறிய தொதல் சோம்பலாகப் புரண்டு, நடுவில் ஒரு குமிழை ஊதி, பின் அதைத் தானே விழுங்கிக்கொண்டது. றொஷான் கைகளை உதறியபடி வேலியோரத்துக் கதிரையில் போய் விழுந்தான்.

"கப்பல் இழுத்த மனிசன்ர மகன், ஒரு தாச்சியைக் கிண்ட ஏலாம ஓடுறான்," என்றாள் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த அசனா. பக்கத்து வீட்டுக்காரி. நோன்புப் பெருநாளுக்கு அவள் வீட்டில் கிறேஸும், கிறிஸ்து பிறப்பான நத்தாருக்கு இந்த வீட்டில் அவளுமாக, இரண்டு வளவுகளுக்கும் நடுவிலிருந்த வேலியில் ஆள் நுழையும் ஒரு பொட்டு நிரந்தரமாகிவிட்டிருந்தது.

"கப்பல் தண்ணியிலை போறது, அசனாக்கா. இது பசையிலை போகுது," என்றான் றொஷான்.

காலையில் பெய்த மழையின் மிச்சம் தகரக் கொட்டிலின் விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. புகை மேலே போக மனமில்லாமல் வளவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. யன்னலுக்கு உள்ளே, தகப்பனின் கட்டிலருகே அமர்ந்து ஈரப்பஞ்சால் அவருடைய உதடுகளை நனைத்துக்கொண்டிருந்த மூத்த மகள் நிரோஷினிக்கு, வெளியே கேட்ட சிரிப்பு எங்கோ தொலைவில், கரை தெரியாத தண்ணீருக்கு அப்பால் ஒரு வீட்டில் எழுவதைப் போலிருந்தது.

கட்டிலை அந்த யன்னலடிக்கு இழுப்பித்தவர் தகப்பன் பேணாட்தான். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வுபெற்றவர். ஊர்பட்ட கப்பல்களையெல்லாம் இழுத்துக் கரை சேர்த்த மனிதர், கடைசியில் தம்மை இழுக்கச் சொல்லிப் பிள்ளைகளை ஏவினார். இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பியிருந்தார்கள். நேற்றுப் பங்குச் சுவாமி வந்து நோயில் பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். அவர் வாசல் படலையைத் தாண்டியதுதான் தாமதம், பேணாட் மனைவியைக் கூப்பிட்டார்.

"எண்ணெய் பூசியாச்சு, கிறேஸ். இனித் தொதலைப் போடு."

"உங்களை இப்பிடி வைச்சுக்கொண்டு எனக்கென்ன பலகாரம்?"

"நத்தாருக்கு வீடு மணக்க வேணும். மருந்து மணந்தது காணும்."

அவருடைய பேச்சுக்கு மறுபேச்சு இல்லை என்பதால் அல்ல, அவர் இனி அதிகம் பேசப்போவதில்லை என்பதால் கிறேஸ் சம்மதித்தாள்.

அந்த வீட்டில் ஒரு சொல் சில மாதங்களாகப் புழக்கத்தில் இல்லை. அடுப்பில் இருப்பதைக் கீழே எடுத்து வைப்பதற்கும் உயிர் பிரிவதற்கும் தமிழ் 'இறக்க' என்ற ஒரே ஒலியைத்தான் வைத்திருக்கிறது. வாழ்நாள் முழுவதும் சமைத்த கிறேஸின் காதில் அது உறைத்தது, பேணாட் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றுதான். "சோத்தை இறக்கட்டோ?" என்று குசினியிலிருந்து கேட்ட தன் குரலைத் தானே கேட்டு, அகப்பையும் கையுமாக அவள் அப்படியே நின்றுவிட்டாள். அன்றிலிருந்து அங்கே சோறு இறக்கப்படவில்லை, அடுப்பிலிருந்து 'வாங்கப்பட்டது'. தேத்தண்ணிக் கேத்திலும் வாங்கப்பட்டது. தடை பிள்ளைகளுக்கும் அசனாவுக்கும் சேர்த்தே விதிக்கப்பட்டது.

றொஷானுக்கு மட்டும் அது விளையாட்டு. "பஸ் கொண்டக்டரிட்டை, அண்ணை, என்னை லிங்கநகர்ச் சந்தியிலை வாங்கிவிடுங்கோ எண்டு சொன்னனான். அவன் என்னை ஏற இற... மேலையும் கீழையும் பாத்தவன்," என்று ஒருநாள் வந்து சொன்னான். பேணாட் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரமாயிற்று. கிறேஸ் சிரிக்கவில்லை.

இன்று காலையிலும் அப்படி ஒன்று நடந்தது. தொதலின் முதல் எண்ணெய் கசிந்ததைக் கண்ட உற்சாகத்தில் அசனா, "கிறேஸக்கா, நல்லா வருகுது. வெள்ளனவே இறக்கலாம் போல இரிக்கு," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். துடுப்பு நின்றது. யன்னலுக்குள்ளிருந்து, கிணற்றின் அடியிலிருந்து பேசுவதைப் போன்ற ஒரு குரல் வந்தது.

"அவசரப்படுத்தாதை, அசனா. பதம் வரட்டும்."

அசனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. பேணாட் வெளியே கேட்கும்படியாகச் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

அதன்பிறகு குரல் ஒத்துழைக்கவில்லை. நிரோஷினி தேத்தண்ணிக் கரண்டியொன்றை அவருடைய விரல்களுக்குள் வைத்தாள். கை மாற்றும் போதெல்லாம் கிறேஸ் யன்னல் பக்கம் திரும்பி, "என்னப்பா, மணக்குதோ?" என்று கேட்பாள். கட்டிலின் இரும்புச் சட்டத்தில் கரண்டி மெல்லத் தொடும். தட்டுதல் என்று அதைச் சொல்ல முடியாது. கரண்டி தன் பாரத்தாலேயே சாய்ந்து விழுவதைப் போன்ற ஓர் ஓசை. கிறேஸுக்கு அது போதும். மறுபடியும் தாச்சிக்குத் திரும்புவாள்.

துடுப்பும் அவர் செய்ததே. கரையோரச் சல்லிக் கிராமத்தில் ஒரு சிநேகிதனுடைய தோணித் துடுப்பு உடைந்தபோது அதைக் கேட்டு வாங்கி வந்து, சீவி, உப்புப் போகும்வரை வெந்நீரில் ஊறவைத்து, கலியாணமான முதல் நத்தாருக்கு மனைவியிடம் கொடுத்தார். கூலியாக ஒன்றைக் கேட்டார்: தொதல் தட்டத்துக்குப் போன பிறகு துடுப்பில் ஒட்டியிருப்பது அவருக்கு. பிள்ளைகள் பிறந்த பின்னும் அந்த உரிமையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. சின்ன வயதில் நிரோஷினி அதற்காக அழுதிருக்கிறாள்.

மத்தியானம் சாய்கையில் அவர் கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார். அவள் காதை அவருடைய வாயருகே கொண்டுபோனாள்.

"பிள்ளை... தாச்சி அடுப்பிலை இருக்கேக்கை நான் முந்தினால், சத்தம் போடாதை. அது இறங்கட்டும்."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. எரிந்தால் அணைக்க வேண்டும். அதில் பாதி வெந்திருப்பதைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். தாயின் தோளில் ஊறிய அத்தனை நேரத்து நோவும் வேலிக்கப்பால் போய்விடும்.

"அம்மாவுக்கும் சொல்லக் கூடாதோ?"

பேணாட்டின் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம்.

"கொம்மாவுக்கு நீ சொல்ல வேண்டி வராது."

சொல்லாதே என்பதைத்தான் அவர் அப்படிச் சுற்றிச் சொல்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். தலையசைத்தாள். அசைத்த பிறகே அதன் பாரம் தெரிந்தது.

வெளியே வெயில் வந்தது. மழை கழுவிய வெயில், பழைய கண்ணாடியூடாக வருவதைப் போல மங்கலாகவும் மஞ்சளாகவும். படலை திறந்தே கிடந்ததால் அந்த ஊர் வீதிகளில் மாடுகளைப் போலத் திரியும் மான்களில் ஒன்று உள்ளே வந்து, பிழிந்து எறிந்த தேங்காய்ப்பூவை மோந்து பார்த்தது. றொஷான் அதைத் துரத்தவில்லை. கருப்பட்டியும் ஏலக்காயும் கலந்த மணம் யன்னலால் ஏறி, அறை முழுவதும் நிறைந்து, மருந்துப் போத்தல்களைச் சூழ்ந்துகொண்டது. துறைமுகப் பக்கமிருந்து ஒரு கப்பல் நீளமாக ஊதிற்று. பேணாட்டின் வலது கை, போர்வைக்கு மேலே, சுக்கானைத் திருப்புவதைப் போலச் சற்றே திரும்பியது.

முன்பொருநாள் அவர் நிரோஷினியைப் படகில் ஏற்றிப் போயிருந்தார். பெரிய கப்பலொன்றைத் துறையில் சேர்த்துவிட்டுக் கயிற்றைக் கழற்றியதும் எஞ்சினை நிறுத்தினார். படகு நிற்கவில்லை. ஓசையேதும் இல்லாமல், வழுவழுத்த உள்துறைமுகத் தண்ணீரில் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. "எஞ்சின் நிண்டாலும் கொஞ்சத் தூரம் போகும், பிள்ளை. அதுதான் நல்ல ஓட்டம்," என்றார். எந்த இடத்தில் படகு உண்மையில் நின்றது என்று அவள் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தும் பிடிபடவில்லை.

இப்போதும் பிடிபடவில்லை. ஒரு மூச்சு போனது. அடுத்ததற்காக அவள் காத்திருந்தாள். அறைக்குள் மணம் இருந்தது, வெயில் இருந்தது, வெளியே துடுப்பு தாச்சியில் உராயும் ஓசை இருந்தது. அடுத்தது வரவில்லை.

அவள் அவருடைய நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்தாள். கண்ணிமைகளை மூடினாள். வாய்க்குள்ளேயே ஒரு செபத்தைத் தொடங்கினாள். பாதியில் வார்த்தைகள் தவறின. பத்தடி தள்ளி நின்றுகொண்டிருக்கும் ஒரு பெண்ணிடமிருந்து அவளுடைய கணவனின் மரணத்தைத் தான் மறைத்து வைத்திருக்கிறோம் என்ற எண்ணம் அப்போதுதான் அவளை வந்து தாக்கியது. அழுவதற்கு உரிமையுள்ள முதல் ஆள் அங்கே நின்று கிண்டிக்கொண்டிருக்கிறாள். கொடுத்த வாக்குப் பெரிதா, அந்த உரிமை பெரிதா?

அவள் எழுந்தாள். அந்த நேரம் பார்த்து வெளியே குரல் கேட்டது.

"என்னப்பா, மணக்குதோ?"

துடுப்பின் ஓசை நின்றிருந்தது. விடை வந்தாலன்றி அது மறுபடி தொடங்காது. நிரோஷினி குனிந்து, தகப்பனின் விரல்களுக்குள்ளிருந்து கரண்டியை உருவினாள். அவை இளஞ்சூடாகவே இருந்தன. இரும்புச் சட்டத்தில் தட்டினாள்.

டிங்.

துலக்கமான, நேரான ஒலி. மான் தலையை நிமிர்த்திப் பார்க்கும் அளவுக்கு.

வெளியே ஒன்றும் கேட்கவில்லை. பிறகு துடுப்பு தாச்சியில் உராயத் தொடங்கிற்று. முன்னைவிட மெதுவாக, ஆனால் விடாமல்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கொட்டிலுக்குப் போனாள். றொஷான் தட்டத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"அக்கா, அப்பா இண்டைக்கு நல்ல பலமாத் தட்டுறார். கஜு கூடப் போடச் சொல்லுறாரோ?"

அவள் சிரிக்க முயன்றாள். "அம்மா, கை மாத்துங்கோ. நான் கொஞ்சம் கிண்டுறன்."

"வேண்டாம், பிள்ளை."

"களைச்சுப் போனியள்."

"இது நான் கிண்ட வேணும்," என்றாள் கிறேஸ். அவள் நிமிரவில்லை. நெருப்பின் வெக்கையில் அவளுடைய முகம் முழுவதும் நனைந்திருந்தது. எது வியர்வை என்று பிரித்துச் சொல்ல ஏலாது. அசனா அவளை ஒருமுறை பார்த்தாள். பிறகு விறகைத் தள்ளுவதை நிறுத்திவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

கிறேஸ் யன்னல் பக்கம் அதன்பிறகு திரும்பவே இல்லை. மணக்குதோ என்று கேட்கவும் இல்லை. தாச்சிக்கும் அவளுக்கும் நடுவில் வேறு யாருக்கும் இடமில்லாததைப் போலக் கிண்டிக்கொண்டிருந்தாள். தொதல் கறுத்துத் திரண்டு, ஓரங்களைக் கைவிட்டு, துடுப்போடு சேர்ந்து ஒரே உருண்டையாகப் புரளத் தொடங்கியது. எண்ணெய் சுற்றிலும் மினுங்கியது. முந்திரிக் கஜுவைத் தூவினாள். இன்னும் ஒரு சுற்று. இன்னும் ஒன்று. முடிக்க மனமில்லாதவளைப் போல மற்றொன்று.

பிறகு துடுப்பை நிமிர்த்தினாள்.

"இறக்கு, தம்பி."

றொஷானுடைய வாய் பகிடிக்குத் திறந்தது. "அம்மா, நீங்களே சொல்லி..." என்று தொடங்கியவன் தாயின் முகத்தைப் பார்த்தான். நிரோஷினி பிடிதுணியை எடுத்து அவனிடம் கொடுத்தாள். இருவரும் ஆளுக்கொரு காதாகப் பிடித்துத் தாச்சியைத் தூக்கிக் கீழே வைத்தார்கள். கிறேஸ் தொதலைத் தட்டத்தில் சரித்து, வாழையிலைத் துண்டால் மேலே தடவி, மூலைகள்வரை ஒப்புரவாக்கினாள். ஒரு சுருக்கமும் இல்லாமல் அது படிந்தது.

ஒவ்வொரு வருடமும் தொதல் இறங்கியதும் அதே தணலில் தேத்தண்ணி கொதிக்கும். பழக்கத்தால் றொஷான் தண்ணீர்க் கேத்திலைக் கொண்டுவந்து நீட்டினான். கிறேஸ் அதை வாங்கினாள். அடுப்பில் வைக்கவில்லை, மூடியைத் திறந்து, முழுத் தண்ணீரையும் நெருப்பின்மேல், மூன்று கல்லையும் சுற்றி, நிதானமாக ஊற்றினாள். தணல் சீறி, வெள்ளைப் புகையாக எழுந்து, கொட்டிலின் கூரையைத் தொட்டது.

வெறுங்கேத்திலை அவன் கையில் கொடுத்துவிட்டு, அவள் துடுப்பை எடுத்தாள். அதில் ஒட்டியிருந்த தொதல் கனத்து, நுனியில் திரண்டு, விழப் பார்த்துக்கொண்டிருந்தது. மற்றக் கையை அதற்குக் கீழே ஏந்திக்கொண்டு, ஒரு துளியும் நிலத்தில் சிந்தாதபடி, மெல்ல அடியெடுத்து வைத்து, அவள் வீட்டுக்குள்ளே போனாள்.