கிலுக்கு

வேனின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தங்கை மூன்றாவது முறையாக எண்ணினாள். தூண்டில் கம்புகள் மூன்றுதான் இருந்தன. கூடாரம் இருந்தது, அடுப்பு இருந்தது, இரை வைக்கிற ஐஸ்பெட்டி இருந்தது. அண்ணனை உட்கார்ந்த வாக்கில் அப்படியே தூக்கி வந்த மடக்கு நாற்காலிகூட இருந்தது. நான்காவது கம்பு இல்லை.

“டிரைவரண்ணே, கைப்பிடியில செவப்பு டேப் சுத்தினது ஒண்ணு இருக்குமே, நீளமா?”

டிரைவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒன்பது வருஷமாக அதே கடற்கரையில் அண்ணனுக்குப் பக்கத்துக் கூடாரம் அவருடையது. நேற்று அண்ணனை ஆஸ்பத்திரியில் விட்ட பிறகு, அவர்தான் இருட்டோடு திரும்பிப் போய் எல்லாவற்றையும் அள்ளி வேனில் போட்டுக்கொண்டு வந்தார். இப்போது நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“அது தண்ணியோரமா நட்டு வெச்சதாச்சே! நான் போறப்ப கடல் ஏறிடுச்சு தங்கச்சி. கண்ணுலயே படல.”

“அப்ப தூண்டி நரம்பு இன்னும் தண்ணியிலதான் கெடக்கு.”

டிரைவர் வேன் சாவியை எடுத்தார். கரையை விட்டுக் கிளம்புகிறபோது கடலில் ஒரு முழ நரம்புகூட இருக்கக் கூடாது என்பது அண்ணன் வைத்த சட்டம். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருஷம் அந்த வேலைதான். யாராவது சோம்பலில் நரம்பை அறுத்துவிட்டு வரட்டுமா என்று கேட்டால், “உள்ள ஆள வெச்சுக்கிட்டு லிஃப்ட அணைச்சிட்டு வீட்டுக்குப் போவியா?” என்பார். பிடிக்கிற மீனையும் வீட்டுக்குக் கொண்டு வரமாட்டார். ஆள் உயரப் பாறை மீனோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டி, கரைக்குக் கொண்டு வந்து, தூண்டில் முள்ளைக் கழற்றி, முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பிவிடுவார். “இதுக்கா மூணு நாள் லீவு போட்டீங்க?” என்று அண்ணி வருஷா வருஷம் கேட்பாள்.

அண்ணி உள்ளே சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு மணிக்குத்தான் உடலைக் கொடுப்பார்கள். நாலு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. அதுவரை வந்தவர்கள் கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணி, ஒரு கம்பு அங்கயே நின்னுடுச்சு. போய் எடுத்துட்டு வந்துடறேன். ஒண்ணரைக்குள்ள வந்துடுவேன்.”

அண்ணி அதைக் காதில் வாங்கிய மாதிரி தெரியவில்லை. நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பதையே கேட்டாள். “தூக்கத்துலயேதானே போனாரு?”

“ஆமா அண்ணி.”

“ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுல்ல?”

“தெரிஞ்சிருக்காது அண்ணி. டாக்டரும் அதத்தான் சொன்னாரு.”

சொல்லிவிட்டு வெளியே வந்தாள். டாக்டர் அப்படிச் சொன்னது உண்மைதான். இவள் சொல்லாமல் விட்டதுதான் வேறு.

கம்பில் நரம்பு சுற்றியிருக்கும் ரீலின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அதைத் தள்ளி வைத்தால், மீன் நரம்பை இழுக்கும்போது உள்ளே ஒரு பல் உரசிக் கிர்ரென்று கத்தும். அண்ணன் அதற்கு வைத்த பெயர் கிலுக்கு. “கிலுக்கு கத்தினா செத்தவனும் எழுந்துடுவான், நீ கவலப்படாம தூங்கு வாத்து” என்பார். வாத்து என்பது இவள்தான். பள்ளிக்கூடம் போகிற வயதில் வந்த பெயர். நாற்பத்தெட்டு வயதில், ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் பத்துப் பேரை வேலை வாங்குகிற இடத்தில் இருந்தும் போகவில்லை.

நேற்று மதியம் மற்ற மூன்று கம்பும் ஓய்வாகக் கிடந்தன. தண்ணீரில் இருந்தது சிவப்பு டேப் கம்பு ஒன்றுதான். இரண்டு நாளாகச் சரியாகத் தூங்காத அண்ணன், அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு, முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு சாய்ந்தார். அலை அடிக்கிறபோதெல்லாம் கிலுக்கு டிக் டிக்கென்றது. ஒவ்வொரு டிக்குக்கும் அவர் தோள் துள்ளியது. இவள் பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல், ஒன்றரை மணிக்குப் பூனைபோலப் போய்ப் பொத்தானைப் பின்னுக்குத் தள்ளி அணைத்துவிட்டாள். கூடாரத்தில் போய்ப் படுத்தவள் நாலு பத்துக்குத்தான் எழுந்தாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

கத்தியிருந்தால் எழுந்திருப்பாரோ? எழுந்திருந்தால் நெஞ்சு வலிப்பது தெரிந்திருக்குமோ, என்னைக் கூப்பிட்டிருப்பாரோ? நேற்றிலிருந்து இந்தக் கேள்வியைத்தான் அவள் மனசுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேன் ஊரைத் தாண்டியதும் டிரைவர் பேச ஆரம்பித்தார். பேசாமல் ஓட்டி அவருக்குப் பழக்கமில்லை.

“எனக்கு ஒண்ணுதான் மனசு ஆறல தங்கச்சி. நேத்து மூணு மணி சுமாருக்கு நான் பாறைக்கு அந்தப் பக்கம் இரைக்கு மீன் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். அண்ணனோட கிலுக்கு கேட்டுச்சு. அடேயப்பா, என்னா ஓட்டம்! ஒரு நிமிஷம் விடாம கத்துச்சு. சரி, பெரிய மீனு மாட்டிக்கிச்சு, இன்னிக்கு அண்ணன் நம்மள ஓட்டுவாருன்னு நெனச்சேன். ஓடி வந்திருந்தா…”

தங்கை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “எந்தக் கிலுக்கு?”

“அண்ணனோடதுதான். என்னுது தகர டப்பா மாதிரி கத்தும். அவரது வேற.”

“அலைச் சத்தமா இருக்கும்.”

“முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன். எந்தச் சத்தம் எதுலேருந்து வருதுன்னு எனக்கா தெரியாது?”

அவள் தன் கையைப் பார்த்தாள். பொத்தானைப் பின்னுக்குத் தள்ளியது அவளுடைய இதே கட்டைவிரல்தான். தள்ளியபின் நரம்பை லேசாக இழுத்துப் பார்த்து, சத்தம் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் நகர்ந்தாள். எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பது வேலையில் வந்த பழக்கம். அணைத்து வைத்தது கத்தாது.

சாலை இருபக்கமும் வெறும் மணலாக மாறியது. அப்போதுதான் இன்னொன்று அவள் நினைவுக்கு வந்தது. நேற்றே வந்திருக்க வேண்டும். அந்த ஓட்டத்திலும் கூச்சலிலும் அமுங்கிப் போயிருந்தது.

அவள் படுக்கப் போனபோது கூடாரத்தின் வாசலைத் திறந்துதான் வைத்தாள். படுத்தபடியே அண்ணனின் தொப்பியைப் பார்க்க முடிந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் கண் அசந்தாள். ஆனால் எழுந்தபோது உள்ளே புழுங்கிக் கொட்டியது. வாசல் மூடியிருந்தது. தலைக்கு மேலிருந்து தரைவரைக்கும் ஜிப்பை இழுத்து, தடவித் தடவித் திறந்துகொண்டுதான் வெளியே வந்தாள்.

காற்று வாசல் துணியை மூடும். ஜிப் போடாது.

“டிரைவரண்ணே, நேத்து எங்க கூடாரத்துப் பக்கம் யாராவது வந்தாங்களா?”

“யாரு வருவா? அந்தக் கரையில நாம மூணு பேருதானே.”

பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. கூடாரம் இருந்த இடத்தில் நான்கு முளைக்குழிகள். நாற்காலிக் கால்களின் தடத்தைக் கடல் வந்து துடைத்துவிட்டுப் போயிருந்தது. அதற்கு நாலடி தள்ளி, ஈர மணலில் ஆழமாக நட்ட பிளாஸ்டிக் குழாயில், சிவப்பு டேப் கம்பு தன்னந்தனியாக நின்றது. ராத்திரி முழுக்கக் கழுத்தளவு தண்ணீரில் நின்றிருக்க வேண்டும். குழாயோடு சேர்த்து அண்ணன் கட்டிய பாதுகாப்புக் கயிறு இறுகியிருந்தது. எதையும் ஒரே பிடியில் விடமாட்டார்.

கம்பு வளைந்திருந்தது.

டிரைவர் நின்றுவிட்டார். அவளும் நின்றாள். அலை பின்வாங்குகிற இடைவெளியில் அது கேட்டது.

டிக்.

இன்னொரு அலை வந்து போனது.

டிக். டிக்.

“ஏதோ மாட்டியிருக்கு தங்கச்சி,” என்றார் டிரைவர். மீனுக்குக் கேட்டுவிடப் போகிறது என்பதுபோல மெதுவாகச் சொன்னார்.

அவள் ரீலைக் குனிந்து பார்த்தாள். பொத்தான் முன்னால் தள்ளியிருந்தது. பக்கத்தில், நரம்பு ஓடுவதை இறுக்குகிற பிரேக்கும் திருகப்பட்டு, கடைசிக் கோட்டுக்கு வந்திருந்தது. மீன் நன்றாக ஓடி முடித்த பிறகுதான் அதைத் திருக வேண்டும். ஓடுகிறபோதே திருகினால் நரம்பு தெறித்துவிடும். நேரம் பார்த்துத் திருகத் தெரிந்த கை அந்தக் கரையில் ஒன்றுதான்.

“நீங்க இதத் தொட்டீங்களா?”

“சத்தியமா இல்ல, அண்ணனத் தூக்குறப்பகூட நான் இதத் தொடல.”

கயிற்றை அவிழ்த்துக் கம்பை எடுத்தாள். எடுத்த மாத்திரத்தில் அந்தக் கனம் தோள்வரைக்கும் ஏறியது. மறுமுனையில் உயிர் இருந்தது. அது திமிறவில்லை, ஓடவில்லை. யாரோ கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி நின்றது.

“அறுத்து விட்டுடலாமா? நேரமாயிடும். பெரிசு. உங்களால முடியாது.”

“உள்ள ஆள வெச்சுக்கிட்டா?” என்றாள்.

டிரைவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

சுற்றினாள். பெரிய மீன் ஒன்றை அவள் முழுசாகச் சுற்றி இழுத்ததே கிடையாது. பாதியில் அண்ணனிடம் கொடுத்துவிடுவாள். இன்று அது எதிர்க்காமல் வந்தது. அவள் ஒரு சுற்றுச் சுற்றினால் அதுவும் அந்த அளவுக்கு நெருங்கியது, நிறுத்தினால் நின்றது. முழங்கால் ஆழத்துக்கு வந்தபோது முதுகு தெரிந்தது. கூடாரத் துணியின் சாம்பல் நிறம். டிரைவரின் இடுப்பளவு நீளம் இருக்கும். கடைசியில் ஒரே ஒரு முறை தலையை உதறியது. நரம்பு சீறிக்கொண்டு ஓடியது. கிலுக்கு கத்தியது. அவள் பதற்றத்தில் விரலால் நரம்பைத் தொட்டுவிட்டாள். ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் சுரீரென்று வெட்டியது.

ஓடுகிற நரம்பைத் தொடாதே, அது கத்தி என்று அண்ணன் அவளிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் தொடாமல் அவரால் இருக்க முடியாது. லிஃப்ட் கயிற்றையும் விரல் வைத்துப் பார்த்தால்தான் அவருக்குத் தெரியும்.

டிரைவர் குனிந்து முள்ளைக் கழற்றினார். மீன் போகவில்லை. செவுள் ஏறி இறங்க, அவள் கால் பக்கத்திலேயே நின்றது. ஒரு பெரிய வட்டக் கண் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அது தன்னைத்தான் பார்க்கிறதா, தனக்குப் பின்னால் நாற்காலி இருந்த இடத்தைப் பார்க்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கத் தோன்றியது. திரும்பவில்லை.

“போ… போடா,” என்றார் டிரைவர். “பதினெட்டு, இருபது மணி நேரம் நின்னிருக்கு. இவ்வளவு நேரம் எதுவும் நிக்காது தங்கச்சி. ஒண்ணு அறுத்துக்கிட்டுப் போயிருக்கணும், இல்ல செத்திருக்கணும்.”

அவள் குனிந்து அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். அந்த நேரம் பார்த்துப் பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து முன்னதாகவே கிளம்பிவிட்டார்கள் என்று சேதி. நிமிர்ந்து மறுபடி பார்த்தபோது காலடியில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. ஒரு சுழிகூட இல்லை.

வீடு வந்தபோது அண்ணனைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கழுத்துவரைக்கும் வெள்ளைத் துணி. முகம் சவரம் செய்து, யாரோ ஆபீசுக்குக் கிளம்பியவர் மாதிரி இருந்தது. தங்கை நனைந்த சேலை விளிம்போடு உள்ளே வந்து, கம்பை மூலையில் மற்ற மூன்றோடு சாய்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். துணியின் ஓரத்தைத் தூக்கி அவருடைய வலது கையை எடுத்தாள். நேற்று அந்தக் கைகள் மடியில், துண்டுக்கு அடியில் இருந்தன. யாரும் பார்க்கவில்லை.

ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் ஒரு கோடு. மெல்லிசாக, ஆழமாக, புதுசாக. ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

தன் விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரே இடம்.

“என்ன பாக்கற?” அண்ணி எதிரில் வந்து நின்றிருந்தாள்.

தங்கை துணியை மூடவில்லை. “அண்ணி, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லல. அண்ணன் தூங்கட்டுமேன்னு நேத்து மதியம் கிலுக்க நான்தான் அணைச்சு வெச்சேன்.”

கூடத்தில் யாரோ இருமினார்கள்.

“தூக்கத்துலயே போகல அண்ணி. நடுவுல ஒரு தடவ எழுந்திருச்சிருக்காரு.”

“எதுக்கு?”

“மீனுக்கு.”

அண்ணி அந்த விரலைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. “அதானே பாத்தேன்,” என்றாள். “சும்மா போவாராக்கும்.” பிறகு, “எழுந்தவரு உன்ன எழுப்ப வேண்டியதுதானே?”

தங்கை வாயைத் திறந்தாள். கூடாரத்தின் ஜிப் ஞாபகம் வந்தது. தலைக்கு மேலிருந்து தரைவரைக்கும், கிலுக்குச் சத்தம் உள்ளே வராதபடி.

“எழுப்பல அண்ணி,” என்றாள்.

நாலு மணிக்கு ஆட்கள் எழுந்தார்கள். தூக்குகிறவர்களில் ஒருவரின் தோள் மூலையில் உரச, கம்பு அசைந்து கிலுக்கு ஒரு முறை டிக்கென்றது. எல்லோரும் அப்படியே நின்றார்கள். அத்தனை பேரின் கண்ணும், தங்களை அறியாமல், வெள்ளைத் துணியின் பக்கம் போனது. துணி அசையவில்லை.

தங்கை எழுந்து போய்க் கம்பை எடுத்தாள். பொத்தானைத் தொடவில்லை. அது முன்னால் தள்ளியபடியே இருக்கட்டும் என்று, நீளப் பைக்குள் மெல்ல இறக்கினாள். பிறகு மண்டியிட்டு, ஜிப்பின் இரண்டு பக்கத்தையும் விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பல்லாக, சத்தமே வராமல், கடைசிவரைக்கும் இழுத்து மூடினாள்.