கஜலக்சுமி துவக்கு வாங்கின கதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. ஷ்லீரன் என்ற ஊரைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்த ரயிலில் எதிர் இருக்கையில் ஒரு தமிழ்ப் பெண். தோளில் நீளத் துப்பாக்கி. சுடுவதை விளையாட்டாகப் பழகும் இந்த நாட்டில் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன், வாயும் சும்மா இருக்கவில்லை.

"சொந்தத் துவக்கோ?"

"ஓம். வாங்கப் போகேக்கை அம்மாவும் வந்தவா."

அவ்வளவுதான். அடுத்த நிலையத்தில் இறங்கிவிட்டாள். அந்த இரண்டாவது வாக்கியம் மட்டும் என்னோடு வீடு வரை வந்தது. மிச்சமெல்லாம் நான் கட்டியது. கஜலக்சுமி என்ற பெயரும் நான் வைத்ததுதான்.

2

முதல் தொடக்கம்: "2009 மே மாதத்துக்குப் பிறகு கஜலக்சுமியின் தாய் புனிதவதி துப்பாக்கி என்ற சொல்லைக்கூட—"

வேண்டாம். தமிழ்ப் பெண், துப்பாக்கி என்று இரண்டு சொல் சேர்ந்ததும் நீங்கள் நேரே போருக்குப் போய்விடுகிறீர்கள். நானும் போனேன். போய் மூன்று பக்கம் எழுதி, கண்ணீரும் விட்டு, பிறகு எல்லாவற்றையும் கிழித்தேன். அந்த ரயில் பெண்ணின் முகத்தில் இருந்தது வேறு. பரீட்சையில் பாஸானவளின் முகம் அது.

இரண்டாம் தொடக்கம்: "2014. கஜலக்சுமிக்கு ஐந்தாவது இடம் வேண்டும்."

இது நிற்கும். கஜலக்சுமி இங்கேயே பிறந்தவள். பல் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளர். சனிக்கிழமைகளில் ஊர்ச் சுடுநர் சங்கத்தில் குப்புறப் படுத்து, முந்நூறு மீற்றருக்கு அப்பால் நிற்கும் வட்டத்தைக் குறிபார்ப்பாள். சங்கத்தின் போட்டிக் குழுவில் ஐந்து பேர். ஒருவர் வேறு ஊருக்குக் குடிபோய்விட, அந்த இடத்துக்கு இருவர் நின்றார்கள்: கஜலக்சுமி, ரேட்டோ. ரேட்டோவிடம் புத்தம்புதுத் துப்பாக்கி. அவளிடம் சங்கத்து இரவல். அதை வாரம் ஒருவர் தூக்குவார், தன் கண்ணுக்கு ஏற்றபடி குறிகாட்டியைத் திருகி வைப்பார். அவள் கைக்கு வரும்போது அது வேறு யாருடையதோ ஆகியிருக்கும்.

வசந்தத்தில் தேர்வு. அதற்குள் தனக்கென்று ஒன்று வேண்டும். ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்து ஏற்றுகிற ரகம் வேண்டாம். அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் அரைத்தானியங்கி வேண்டும். ஆசை பெரிது, கையிருப்பு சின்னது.*

[*அனுமதிப் பத்திரம் ஏற்கெனவே வந்துவிட்டது. இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு இங்கே துப்பாக்கி விற்கமாட்டார்கள். இங்கே பிறந்தாலும் குடியுரிமை தானாக வராது, தாயும் மகளும் இந்த நாட்டின் சிவப்புக் கடவுச்சீட்டு எடுத்து முடித்த பிறகுதான் விண்ணப்பமே போட முடிந்தது. அந்த அலைச்சலைத் தனிக் கதையாக எழுதலாம், நீங்கள் வாசிக்கமாட்டீர்கள்.]

3

இந்த இடத்தில் தாய் மறுக்கவேண்டும். அதுதான் என் திட்டம். புனிதவதி குசினியில் நிற்கிறாள், மகள் செய்தியைச் சொல்கிறாள், தாயின் கையிலிருந்த அகப்பை நழுவி—

நழுவவில்லை. எத்தனை தரம் எழுதியும் அந்த அகப்பை விழ மறுத்தது.

"துவக்கோ? என்ரை வீட்டுக்கையோ?"

"பூட்டின அலுமாரிக்கை அம்மா. திறப்பு என்னட்டைத்தான் இருக்கும்."

புனிதவதி அடுப்பை அணைத்தாள். "எனக்குப் பயமாக் கிடக்கு, பிள்ளை. அந்தச் சத்தத்துக்கு ஓடித்தானே இஞ்சை வந்தனான்."

"தெரியும் அம்மா. நீங்கள் வேண்டாமெண்டால்—"

"ஆர் விக்கிறது?"

"ஒரு கடை."

"தனியவோ போறாய்? பழசைத் தலையிலை கட்டிவிட்டிடுவாங்கள். நானும் வாறன். புதன்கிழமை வெள்ளனப் போவம், மத்தியானம் ராகுகாலம்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், மகள் ஏமாறக்கூடாது. எந்தச் சாமானும் அம்மாவின் கண்ணில் படாமல் வீட்டுக்கு வரக்கூடாது. இவளை எப்படி அழவைப்பது?

4

கடைக்காரி ஃபிராவ் கெர்பர் துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். புதுரகம் இலேசாக, அழகாக இருந்தது. விலையைப் பார்த்துவிட்டுக் கஜலக்சுமி அதை மெல்லத் திரும்ப வைத்தாள். புனிதவதி கைப்பையை மடியில் அணைத்தபடி ஒரு கதிரையில் இருந்தாள். எதையும் தொடவில்லை, கண் மட்டும் எல்லாவற்றையும் தொட்டது.

கஜலக்சுமி வெறுந்துப்பாக்கி ஒன்றைத் தோளில் வைத்துச் சுவரை நோக்கிக் குறிபார்த்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்து, கழுத்து கோணியது. எப்போதும் அப்படித்தான். பயிற்சி போதாது என்று நினைத்திருந்தாள்.

"ஏன் வலப்பக்கம் வைக்கிறாய்?" என்றாள் புனிதவதி.

"எல்லாரும் அப்பிடித்தானே அம்மா."

"நீ பிறவி இடக்கை. கிண்டர்கார்ட்டனுக்குப் போக முன்னம் நான்தான் மாத்தினனான். இடக்கையாலை சோறு தின்னிற பிள்ளையை ஆர் பந்தியிலை இருத்துவினம்?"

சொன்ன குரலில் குற்ற உணர்வு மருந்துக்கும் இல்லை. (சேர்த்துப் பார்த்தேன், புனிதவதிக்குப் பொருந்தவில்லை. எடுத்துவிட்டேன்.)

கஜலக்சுமி அதை ஜெர்மனில் சொன்னாள். ஃபிராவ் கெர்பர் நிமிர்ந்தாள். இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கிடையில் சிறு இடைவெளி விட்டு, அதனூடாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னாள். பிறகு ஒரு கண்ணை மூடு, மற்றதை மூடு. வலக்கண்ணால் பார்க்கையில் கடிகாரம் காணாமல் போனது. இடக்கண்ணால் பார்க்கையில் நட்டநடுவில் நின்றது.

இத்தனை வருடமும் அவள் தவறான கண்ணால் சுட்டுக்கொண்டிருந்தாள்! அந்தக் கண்ணை வைத்துக்கொண்டே ரேட்டோவுக்குச் சமமாக நின்றிருக்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை.

ஃபிராவ் கெர்பர் மூலையிலிருந்து ஒன்றைத் தூக்கிவந்தாள். பழைய இராணுவ அரைத்தானியங்கி, புதுரகத்தைவிடப் பாரம். இடக்கைக்காரர் ஒருவர் வைத்திருந்தது. சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு தெறித்து முகத்தில் அடிக்காமலிருக்க ஒரு மறிப்புத் தகடு பூட்டியிருந்தார். அதைக் கண்டே வேறு யாரும் எடுக்கவில்லை. கஜலக்சுமி அதை இடத்தோளில் வைத்தாள். கழுத்து கோணவில்லை.

"முகத்திலை காட்டாதை, விலை ஏத்துவா" என்றாள் தாய். "ஆரும் வாங்காமல் கிடந்த சாமான்தானே எண்டு சொல்லு."

இந்த நாட்டில் பேரம் பேசுவதில்லை என்று மகள் முணுமுணுத்தாள். ஆனாலும் கூசிக் கூசிச் சொன்னாள். ஃபிராவ் கெர்பர் வாய்விட்டுச் சிரித்து, விலையைக் கொஞ்சம் இறக்கி, உறையையும் சேர்த்துக் கொடுத்தாள். புனிதவதி அப்போதுதான் எழுந்தாள்.

5

முடிவுகள் என்னிடம் சில உண்டு.

(அ) முதல் வெடிச் சத்தத்தில் தாய் மைதானத்தை விட்டு ஓடுகிறாள், மகள் துப்பாக்கியை வைத்துவிட்டுப் பின்னால்— நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் தேர்வு நாளன்று புனிதவதி காதடைப்பான் போட்டுக்கொண்டு பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தாள். முதல் வெடிக்கு உடம்பு தூக்கிப்போட்டது. கைப்பையை இறுக்கினாள். ஆனால் எழும்பவில்லை. இரண்டாவதற்கும் எழும்பவில்லை.

(ஆ) ரேட்டோ வெல்கிறான், கஜலக்சுமி வாழ்க்கையைப் புரிந்துகொள்கிறாள். போதும், அவள் ஏற்கெனவே நிறையப் புரிந்துகொண்டுவிட்டாள்.

நடந்ததைச் சொல்கிறேன். ஆளுக்குப் பத்துத் தோட்டா. ரேட்டோ முதலில் சுட்டு, நல்ல புள்ளியோடு எழுந்தான். கஜலக்சுமி படுத்தாள். இடத்தோள், இடக்கண். வெற்றுக் கூடுகள் தகட்டில் பட்டுத் தெறித்தன. ஒன்பதாவது வெடியின் புள்ளி திரையில் விழுந்தபோது ரேட்டோதான் முதலில் கூட்டிப் பார்த்தான். அவனுடைய பத்து வெடியின் மொத்தத்தை அவள் ஒன்பதிலேயே தாண்டியிருந்தாள். அவன் நேரே வந்து புனிதவதியின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"முடிஞ்சுதோ?" என்றாள் அவள் தமிழிலேயே.

ரேட்டோ ஒரு விரலைக் காட்டினான், இன்னும் ஒன்று.

"பிறகேன் இப்பவே கை தாறாய்?"

கஜலக்சுமிக்கு இது எதுவும் கேட்கவில்லை. அவள் மூச்சைப் பாதி விட்டு நிறுத்தியிருக்கிறாள். விரல் விசையில் இருக்கிறது. இந்தப் பத்தாவதை நான் எழுதப்போவதில்லை, உங்களிடம் தருகிறேன். நடுவில் வையுங்கள், ஓரத்தில் வையுங்கள், குறி தவறிப் பின்னாலுள்ள மண்மேட்டில் புதைத்துவிடுங்கள். ஐந்தாவது இடம் அவளுடையது.