யாராவது சொன்னால் அணைத்துவிடலாம்

பதினொன்றாம் மாடியில் இருந்த அந்த மீட்டிங் அறைக்கு 'தொலைநோக்கு' என்று பெயர். ஜன்னல் கிடையாது.

"உள்ள போய் உக்காருங்க மேடம், பேனல் இப்ப வந்துடுவாங்க" என்று இன்டர்வியூவுக்கு வந்தவளை வரவேற்பறைப் பெண் அனுப்பிவைத்தாள். வந்தவளுக்கு இந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும். 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று சொல்லிக்கொண்டே பழைய கம்பெனி ஒரே மத்தியானத்தில் முந்நூறு பேரை வீட்டுக்கு அனுப்பியது. அதில் அவளும் ஒருத்தி. இந்த ஐ.டி. மேனேஜர் வேலையும் கைநழுவினால், அண்ணனுடைய பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கப் போக வேண்டியதுதான். அண்ணி சீருடைகூடத் தைத்துவைத்துவிட்டார். இளஞ்சிவப்பு. சட்டைப் பையில் சிரிக்கிற பல் ஒன்று.

அறைக்குள் நான்கு பேர் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார்கள். மேசையின் தலைமாட்டு நாற்காலி மட்டும் காலி. போய் உட்கார்ந்தாள். நால்வரும் மரியாதையாக எழுந்து நின்றார்கள்.

அந்த நால்வர் பேனல் அல்ல. அவர்களுடைய மேனேஜர் எட்டு மாதத்துக்கு முன்பே வேலையை விட்டுப் போய்விட்டார். ஆனால் அவர் காலண்டரில் போட்டுவைத்த வாராந்தரக் கூட்டத்தை நீக்கும் அதிகாரம் அவருக்கு மட்டுமே. ஆகவே இவர்கள் வாராவாரம் கூடி, காலி நாற்காலியைப் பார்த்து, பிஸ்கட் தின்று கலைவார்கள். இன்று நாற்காலியில் ஆள்! புது மேனேஜர் வந்துவிட்டார் என்று அவர்கள் முடிவுகட்டினார்கள். இதுவும் இன்டர்வியூவில் ஒரு சுற்று, நம்மை மேனேஜர் மாதிரி நடிக்கவைத்துப் பார்க்கிறார்கள் என்று அவள் முடிவுகட்டினாள். பெரிய கம்பெனிகளில் யாரும் யாரையும் "நீங்க யாரு?" என்று கேட்பதில்லை. கேட்டால், நமக்குத் தெரியாது என்பது தெரிந்துபோகுமே.

"மேடம், ஒரே ஒரு விஷயம்தான் இழுத்துக்கிட்டே கிடக்கு" என்று ஆரம்பித்தார் அவர்களில் மூத்தவரான வழுக்கைத் தலைக்காரர். "ஒரு பழைய சர்வர். தினமும் எண்பது பக்கத்துக்கு ரிப்போர்ட் தயாரிச்சு எல்லா மேலதிகாரிக்கும் அனுப்புது. யாரும் படிக்கறதில்ல."

"படிக்கறதில்லன்னு எப்படிச் சொல்றீங்க?"

"போன வருஷம் நாப்பதாம் பக்கத்துல என் மச்சானோட கல்யாணப் பத்திரிகையைச் செருகி அனுப்பினேன். ஏன்னு ஒருத்தரும் கேக்கல. கல்யாணத்துக்கும் ஒருத்தரும் வரல."

"அப்ப அணைச்சுத் தொலைக்க வேண்டியதுதானே?"

"யாராவது சொன்னா அணைச்சுடலாம்" என்றாள் கண்ணாடிக்காரி. "சொன்னவங்க தலையிலதானே பழி விழும்? அதனால சொல்லத்தான் ஆள் இல்ல."

வேலை போன இந்த மூன்று மாதமாக அவளிடம் யாரும் எதற்கும் கருத்துக் கேட்டதில்லை. லேசாகத் தலைக்கு ஏறியது. நடிப்புத்தானே, என்ன கெட்டுப்போச்சு?

"அணைங்க. பழியை என்மேல போடுங்க."

ஒரு மேனேஜர் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்து அந்த நால்வரும் கேட்டதில்லை. கண்ணாடிக்காரிக்குக் கண் கலங்கியது. மேடம் மனசு மாறுவதற்குள் மீசைக்காரர் கீபோர்டில் ஒரு தட்டுத் தட்டினார்.

"போயிடுச்சு மேடம்!"

ஒரே கைதட்டல். அதுவரை ஒளித்துவைத்திருந்த கிரீம் பிஸ்கட் வெளியே வந்தது. அவளுக்கும் குஷி பிறந்துவிட்டது. சுவரில் ஒட்டியிருந்த மீட்டிங் அட்டவணையைக் காட்டிக் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை மீட்டிங் எதுக்கு?"

"வியாழக்கிழமை மீட்டிங்ல என்ன பேசினோம்னு பேச, மேடம்."

"ரெண்டையும் தூக்குங்க!"

சத்தம் கூரையை முட்டியபோது கதவு திறந்தது. முன்னால் துணைத்தலைவர், பின்னால், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே தலையாட்டப் பழகிய இருவர். இதுதான் அசல் பேனல்.

"கேண்டிடேட் எங்க?" என்றார் துணைத்தலைவர்.

"கேண்டிடேட்டா? இவங்க எங்க புது மேனேஜர் சார்" என்றார் வழுக்கைத் தலைக்காரர்.

"ஆமாமா, தெரியும்" என்றார் துணைத்தலைவர். தெரியாத எல்லாவற்றுக்கும் அவரிடம் இருந்த ஒரே பதில் அது.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நடிப்பும் இல்லை, சுற்றும் இல்லை; அணைந்தது நிஜ சர்வர். இளஞ்சிவப்புச் சீருடை கண்முன் வந்து ஆடியது. பேசாமல் இருந்துவிடலாம். ஆனால் பழியை என்மேல போடுங்க என்று சொன்னவள் ஆயிற்றே.

"சார், கேண்டிடேட் நான்தான். இவங்களைப் பேனல்னு நினைச்சுட்டேன். அதோட, அந்த எண்பது பக்க ரிப்போர்ட் சர்வரையும் அணைக்கச் சொல்லிட்டேன்."

துணைத்தலைவர் பொத்தென்று உட்கார்ந்தார். "அது நான் கொண்டுவந்த திட்டம்மா! இந்தக் கம்பெனியோட முதுகெலும்பு! ரிப்போர்ட் போக வேண்டிய நேரம் இது. இப்ப பாருங்க, ஒவ்வொரு மாடியிலிருந்தும் போன் வந்து குவியப்போகுது!"

எல்லோரும் மேசைமேல் இருந்த போனையே பார்த்தார்கள். அது பாட்டுக்குக் கிடந்தது. வேலை செய்கிறதா என்று துணைத்தலைவரே ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். செய்தது. கீழே வைத்த கையோடு மணி அடித்தது. அவர் வெற்றிக் களிப்போடு ஸ்பீக்கரைத் தட்டினார்.

"சார், கணக்குப் பிரிவுலேர்ந்து பேசறேன். இன்னிக்கு அந்த எண்பது பக்கம் வரலையே?"

"மன்னிக்கணும், ஒரு மணி நேரத்துல சரி பண்ணிடறோம்..."

"ஐயையோ, பண்ணிடாதீங்க! நாளைக்கும் வராம பாத்துக்க முடியுமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். மத்த மாடிக்காரங்களும் கேக்கச் சொன்னாங்க."

மீசைக்காரர் சிரிப்பை அடக்க மேசைக்கடியில் குனிந்து இல்லாத பேனாவைத் தேடினார். துணைத்தலைவர் டையைச் சரிசெய்தார். தொண்டையைச் செருமினார்.

"இதை நானே ரொம்ப நாளா யோசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார். பின்னால் இரண்டு தலைகள் ஆடின. "எப்ப வந்து சேர்றீங்க?"

அவள் பதில் சொல்வதற்குள் கண்ணாடிக்காரி முந்திக்கொண்டாள்.

"சேர்ந்து அரைமணி ஆச்சு சார். நீங்கதான் லேட்."