பேர் சொன்னால் பேசாத சர்வர்

எங்கள் மருத்துவமனையின் தொலைபேசிப் பிரிவுக்குத் தலைவர் என்று ஒருவர் இருக்கிறார். அறைச் சுவர் முழுக்கச் சான்றிதழ்களை மாட்டி வைத்திருப்பதால், எங்களுக்கு அவர் 'ஃப்ரேம்'. சர்வர் அறைக்குள் அவர் நுழைந்தது ஒரே தடவை, போட்டோ எடுத்துக்கொள்ள.

திங்கட்கிழமை காலை, வெளியிலிருந்து வந்த அழைப்புகளில் பாதி இரண்டு தடவை மணி அடித்ததும் அறுந்து போயின. வரவேற்பில் போன் எடுப்பவள் என் அக்கா. செல்லில் என்னைக் கூப்பிட்டாள்.

"மகனுக்கு ஆப்பரேஷன் முடிஞ்சுதான்னு கேட்க ஒரு அம்மா நாலு தடவை அடிச்சிருக்காங்க. அஞ்சாவது தடவை லைன் கிடைச்சதும் என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. என்னடி பண்றீங்க அங்க?"

எங்களிடம் அழைப்புகளைப் பார்த்துக்கொள்வது ஜோடியாக இரண்டு சர்வர்கள். முதலாவது, பாதி அழைப்புகளை இரண்டாவதுக்குத் தள்ளிவிடும். முதல் சர்வரில் உட்கார்ந்து இரண்டாவதை அதன் முகவரி எண்ணால் கூப்பிட்டேன். உடனே பதில் வந்தது. பெயரால் கூப்பிட்டேன். ஒன்றும் இல்லை.

ஃப்ரேமிடம் போனேன்.

"சார், நேத்து ராத்திரி ரெண்டாவது சர்வருக்கு முகவரி மாத்தினோம்ல. பேரைச் சொன்னா முதல் சர்வர் இன்னும் பழைய முகவரிக்கே போகுது. அப்பவே டெஸ்ட் பண்ண ஒரு மணி நேரம் கேட்டேன்."

"எந்தப் பேருக்கு எந்த முகவரின்னு இருக்கிற பொதுப் பட்டியல்ல நான் பக்கத்துல நின்னு மாத்த வெச்சேன். போய் கேபிளைப் பாரும்மா."

எலக்ட்ரீஷியனை வரவழைத்துப் பதினொரு கேபிள்களை மாற்ற வைத்தார். ஒன்றரை மணி நேரம் போனது. அதுவரை திட்டு வாங்கியது அக்கா.

அவர் பன்னிரண்டாவது கேபிளைத் தேடிக்கொண்டிருக்கையில் நான் முதல் சர்வரின் கோப்பு ஒன்றைத் திறந்தேன். பொதுப் பட்டியலைக் கேட்பதற்கு முன் அந்த மெஷின் பார்ப்பது தன் சொந்தப் பட்டியலைத்தான். எப்போதோ, யாரோ எழுதிய பழைய முகவரி அதில் கிடந்தது. அந்த ஒரு வரியை அழித்து, சேவையை நிறுத்தித் திரும்பத் தொடங்கினேன். அழைப்புகள் ஓடின.

ஃப்ரேமின் அறிக்கை மறுநாள் வந்தது: "என் நேரடி மேற்பார்வையில் கேபிள்கள் மாற்றப்பட்டு, கோளாறு சீர்செய்யப்பட்டது."

புதன்கிழமை கூட்டத்தில் இயக்குநர் கேட்டார்: "பதினொரு கேபிள் மாத்தின பிறகும் அழைப்பு அறுந்துக்கிட்டே இருந்திருக்கே, ஏன்?"

ஃப்ரேம் என்னைப் பார்த்தார். இத்தனை வருஷமாக அந்தப் பார்வைக்கு நான் காதோடு பதில் சொல்லிக் காப்பாற்றியிருக்கிறேன்.

"சார்தான் சரி பண்ணியிருக்கார். அவரே சொல்லட்டும்," என்றேன்.

கேபிளின் தரத்தைப் பற்றிப் பத்து நிமிடம் உளறினார். இயக்குநர் அறிக்கையை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்களே வேற ஒண்ணு எழுதுங்கம்மா."

ஆறு வரியில் எழுதிக் கொடுத்தேன்.

சாயங்காலம் விஷயம் தெரிந்து அக்கா வருத்தப்பட்டாள். "எல்லார் முன்னாடியும் அவரை அப்படி விட்டிருக்க வேண்டாம்டி. பாவம்."

எனக்குத் துளிக்கூடப் பாவமாக இல்லை.