மூன்றாவது நாற்காலி

செங்கல்பட்டில் இருந்த அந்த ஏற்றுமதிச் சான்று அலுவலகத்தில் மூன்று நாற்காலிகள். முதலாவதில் இருப்பவர் சரக்கைச் சோதிக்க வேண்டும், இரண்டாவதில் இருப்பவர் பரிந்துரைக்க வேண்டும், மூன்றாவதில் இருப்பவர் கையெழுத்துப் போட வேண்டும், புகார் வந்தால் விசாரிக்கவும் வேண்டும். ஒருவர் ஓய்வுபெற்றார், இன்னொருவர் மாற்றலாகிப் போனார், பதிலுக்கு ஆள் வந்தபாடில்லை. ‘கூடுதல் பொறுப்பு’ என்று அழகாகப் பெயர் வைத்து, மூன்றையும் முதல் நாற்காலியில் இருந்த ஜெனிட்டாவின் தலையில் கட்டிவிட்டார்கள்.

அன்று காலை செய்யூரில் பஷீருதீனின் கிடங்குக்குப் போனாள். மலேசியாவுக்குப் போகும் வேர்க்கடலை, அந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்ட. அவருடைய முதல் கன்டெய்னர். மறுநாள் கப்பலைத் தவறவிட்டால் வாங்குகிறவன் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வான். மூட்டையை இறக்கிக் காட்ட அவளுக்கு உதவியாளர் கிடையாது. கைக்கு எட்டிய முன்வரிசையில் மட்டும் மாதிரி எடுத்தாள். வண்டு இல்லை. சரக்கு சுத்தம் என்று எழுதினாள்.

பிற்பகலில் அலுவலகம் வந்து, இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்து, தான் எழுதியதைத் தானே பரிந்துரைத்தாள். மூன்றாவதில் உட்கார்ந்து பேனாவைத் திறந்ததும் கை நின்றுவிட்டது. முன்பு அங்கே இருந்த ராஜாராம் சார் ஆளைப் படுத்தி எடுப்பார். “பின்வரிசைய பாத்தியாம்மா?” என்று கேட்காமல் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. அதைக் கேட்க இப்போது நாதியில்லை. அவளே கேட்டுக்கொண்டாள். பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. பேனாவை மூடிவிட்டு, மறுபடி சோதிக்க வேண்டும் என்று பஷீருதீனுக்குப் போன் செய்தாள்.

மறுநாள் கூலியாட்களைப் பிடித்துப் பின்வரிசையை இறக்கிப் பார்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. ஒரு வண்டுகூட இல்லை. கப்பல் போய்விட்டிருந்தது.

அதற்கடுத்த நாள் பஷீருதீன் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். நின்றபடியே பேசினார்.

“மல்லாட்ட சுத்தமா கீதுன்னு நீங்கதான மேடம் எழுதுனீங்க? அப்புறம் இன்னாத்துக்கு நிறுத்துனாங்க? மேல கீற ஆபீஸர நான் பாக்கணும்.”

ஜெனிட்டா எழுந்துபோய் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். “நான்தான் பாய்.”

“நீங்களே எழுதி, நீங்களே நிறுத்திக்கினீங்களா?”

“ஆமா பாய். முன்வரிசைய மட்டும் பாத்துட்டு எழுதிட்டேன். தப்பு எம்மேலதான்.”

அவர் காலியாகக் கிடந்த மற்ற இரண்டு நாற்காலிகளையும் பார்த்தார். கத்தத்தான் வந்திருந்தார், தணிந்த குரலில்தான் கேட்டார்.

“எம் பொயப்பே போச்சும்மா. நான் புகார் குடுக்கணும். யாரண்ட குடுக்கறது?”

அவள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

“எங்கிட்டதான் பாய் குடுக்கணும்.”