பாரம் குறைந்த கிட்டங்கி

பீச் ரோட்டுக்குப் பின்னாலிருக்கும் உப்புக் கிட்டங்கி, அதாவது உப்பு மூட்டைகள் அடுக்கிவைத்த பழைய கிடங்கு, அலுவலகமாக மாறிய ஒன்பதாம் நாள் காலையில் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் நின்றது. அன்று அமாவாசை, கடல் ஏறியிருந்தது. ஊழியர்கள் பதினெட்டுப் பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசற்படிக்குத் தாவி ஏறி, விரல் ரேகை வைத்து, வேலையைத் தொடங்கினார்கள். ஏணி பத்தரை மணிக்கு வந்தது.

இது ஏன் நடந்தது என்பது எளிதில் விளங்கக்கூடியதுதான். கிட்டங்கியைக் கட்டியவர்கள் கடல்மணல்மேல் பவளக்கல்லையும் சுண்ணாம்பையும் வைத்துக் கட்டினார்கள், அஸ்திவாரம் தோண்டவில்லை. உள்ளே எப்போதும் எண்ணூறு டன் உப்பு இருக்கும், அந்தக் கனமே கட்டடத்தை அமுக்கி வைத்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். நூறு வருஷம் அது அப்படியே நடந்தது. பிறகு உப்பை உப்பளங்களுக்குப் பக்கத்திலேயே தகரக் கொட்டகைகளில் அடுக்கத் தொடங்கியதும் கிட்டங்கி காலியானது. அப்போதும் அது அசையவில்லை. மூட்டைகளிலிருந்து சிந்திய உப்பு தரையில் இரண்டடி உயரத்துக்குப் பாறையாக இறுகிக் கிடந்ததுதான் காரணம். அந்த வட்டாரத்தில் பஞ்சு குடோன் உடற்பயிற்சிக்கூடமாகவும், பழைய கப்பல் ஏஜென்ட் மாளிகை காப்பிக் கடையாகவும் மாறிக்கொண்டிருந்த சமயம் அது. நகரத்துக்கு வெளியே திருநெல்வேலி ரோட்டோரம், புதுக்கோட்டை என்ற சிற்றூரில் இருந்த ஒரு கப்பல் சரக்கு ஆவண நிறுவனமும், அவ்வளவு தூரம் பஸ் ஏறி வர இளம்பிள்ளைகள் சம்மதிக்காததால், நகரத்துக்குள் வந்தது. டைல்ஸ் பதிப்பதற்காக உப்புப்பாறையை உடைத்து நாற்பது லாரிகளில் அனுப்பினார்கள். மேலாளர் ராஜபாண்டி அதோடு நிற்காமல் முப்பது வருஷத்துக் கோப்புகளை ஸ்கேன் செய்துவிட்டு, தாளையெல்லாம் பழைய பேப்பர்காரருக்குக் கொடுத்தார். மடிக்கணினிகளும் சக்கரம் வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளும் மிஞ்சின. கட்டடம் எழும்பியது.

இந்த இடமாற்றத்தால் மிகவும் பலனடைந்தவள் ஆவணப் பிரிவில் இருந்த பிளாரன்ஸ். அவள் கணவர் சூசைமிக்கேல் மாலத்தீவுக்குத் தோணி ஓட்டிய தண்டல், அதாவது தோணியின் தலைவர். சர்க்கரை நோயில் பார்வை போய்விட்டது. மதியச் சாப்பாட்டுக்கு முன் அவருக்கு ஊசி போட வேண்டும். அலுவலகம் புதுக்கோட்டையில் இருந்தபோது பக்கத்து வீட்டுக்காரி போட்டாள். இரண்டு தடவை அளவு தவறி அவர் நினைவிழந்து கிடந்தார். இப்போது பிளாரன்ஸ் ஏழு நிமிஷத்தில் நடந்து வீட்டுக்குப் போய்த் தானே போட்டுவிட்டு வந்தாள்.

இரண்டாம் மாதம் கட்டடம் நாலடி ஏறியது. எலெக்ட்ரீசியன் வயரைச் சுருள் சுருளாக விட்டுக் கொடுத்தார். பௌர்ணமியன்று அது கடலைப் பார்த்து அரையடி நகர்ந்து, காம்பவுண்டுச் சுவரில் உரசியது. ராஜபாண்டி இருநூறு மூட்டை உப்பு வரவழைத்து, இடம் காலியாக இருந்த மேற்குச் சுவரோரம் அடுக்கினார். மேற்கு தாழ்ந்தது, கிழக்கு தூக்கியது. கணக்குப் பிரிவு சமீரா நாற்காலியோடு உருண்டுபோய் அவர் அறை வாசலில் நின்றாள்.

“கூப்பிட்டீங்களா சார்?”

ஒன்றாம் தேதி புதுக்கோட்டைக்கே திரும்புவது என்று அன்று மாலை அவர் அறிவித்தார். பிளாரன்ஸ் வீட்டுக்கு வந்து, மூட்டை அடுக்கிய கதையையும் சொல்லி, வேலையை விட்டுவிடப் போவதாகச் சொன்னாள்.

“மேக்க மட்டும் பாரம் ஏத்துனானா? எவம்ளா அந்தக் கூறுகெட்டவன்?” என்றார் சூசைமிக்கேல்.

“எங்க மேனேஜருதான்.”

“நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போ.”

மறுநாள் அவர் ஏணியில் தடவித் தடவி ஏறி, நடுக்கூடத்தில் வெறுங்காலோடு நின்றார். தோணியில் சரக்கு ஏற்றும்போது தண்டல் சாய்மானத்தைக் கண்ணால் பார்ப்பதில்லை, உள்ளங்காலால் அறிகிறார். மூட்டைகளை நடுவில் நீளவாக்கில் இறக்கச் சொன்னார். பிறகு ஆட்களைப் பிரித்தார்.

“இப்ப குறுக்க நடந்தது யாரு?”

“நாந்தான், ஹுதைஃபா, அண்ணாச்சி.”

“ஏலே, நல்லாத் திங்க போலிருக்கே. கிழக்க போய் உக்காரு.”

“அங்கன ஏசி இல்லியே அண்ணாச்சி.”

“ஏசிய அங்கன மாட்டச் சொல்லு. அதுவும் கனம்தானல.”

ஒரு மணி நேரத்தில் பேனாக்கள் உருளாமல் நின்றன. கட்டடம் தரையிலிருந்து முக்கால் அடியில் மட்டமாக நிலைத்தது. ராஜபாண்டி ஏணிக்குப் பதில் ஒரு பலகை போடச் சொன்னார். புதுக்கோட்டைக் கட்டடத்தை ஒரு நர்சரிப் பள்ளி வாடகைக்கு எடுத்துக்கொண்டது.

வருகைப் பதிவில் சூசைமிக்கேலுக்குப் பதவி ‘தண்டல்’ என்றே எழுதினார்கள். யாராவது லீவு எடுத்தால் அவர் காலை ஒன்பதரைக்குள் இடங்களை மாற்றிக் கொடுப்பார். ஹுதைஃபா கல்யாணமான வருஷத்தில் மூன்று தடவை இடம் மாறினான். சமீரா பிரசவ லீவில் போனபோது அவள் மேஜையில் ஒன்றேகால் மூட்டை உப்பு வைத்தார்கள். பிளாரன்ஸ் இப்போதெல்லாம் மதியம் வீட்டுக்குப் போவதில்லை. பன்னிரண்டரைக்கு அவர் நாற்காலியருகே வந்து, சட்டையை விலக்கி, மருந்தின் அளவைப் பார்க்கிறாள். அமாவாசை நாளென்றால், கட்டடம் ஒரு தடவை எழும்பி அமரும்வரை ஊசியைக் கையில் பிடித்தபடி நிற்கிறாள்.

“ம், இப்பப் போடு” என்கிறார் அவர்.